கிட், கிட்டீ, பக்கத்தில் ஒரு அப்சர்வேஷன் நோட்டு: எங்கள் லேபில் இருந்து ஒரு மதிப்புரை

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் உள்ள ஒரு சுயநிதிக் கல்லூரியில் பிசிஏ, பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். சில செமஸ்டர்களாக எங்கள் லேபில், நிரலில் செய்யும் மாற்றங்களின் வரலாற்றைக் காத்து வைக்கும் கிட் என்ற மென்பொருளையும், அதற்கு சர்வராகக் கிட்டீயையும் வைத்துக்கொண்டு பிள்ளைகளை நிரல் எழுத வைக்கிறோம். இரண்டும் இலவசம். செலவாவது ஆசிரியரின் நேரம்தான். அந்த நேரத்துக்கு இது தகுமா என்று மற்ற கல்லூரி நண்பர்கள் போனில் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

சுருக்கமாக: தகும், மார்க் போடும் முறையையும் சேர்த்து மாற்றுவீர்கள் என்றால். அதை அப்படியே விட்டுவிட்டு கிட்டை மட்டும் கொண்டுவந்தால் பிள்ளைகள் அதையும் இன்னொரு ரெக்கார்டு நோட்டாக ஆக்கிவிடுவார்கள்.

ரெக்கார்டு நோட்டு என்று சொன்னதும் தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு எல்லாம் நினைவுக்கு வந்திருக்கும். முதலில் அப்சர்வேஷன் நோட்டில் ப்ரோக்ராம் எழுதி கையெழுத்து வாங்க வேண்டும். மெஷினில் அடித்து அவுட்புட் காட்டி இன்னொரு கையெழுத்து. அப்புறம் ரெக்கார்டில் நோக்கம், வழிமுறை, நிரல், வெளியீடு, கடைசியில் நிரல் வெற்றிகரமாக இயங்கியது என்று ஒரு வரி. வகுப்பில் எத்தனை பேரோ அத்தனை வெற்றி. ஒருவர் ரெக்கார்டிலும் ஒரு பிழை இருக்காது. நிரல் எழுதுகிறவர்கள் நாளெல்லாம் செய்வது பிழையைத் தேடுவதுதான் என்பது அந்த நோட்டைப் பார்த்து யாருக்கும் தெரியப்போவதில்லை.

கும்பகோணத்துப் பக்கத்தில் இருந்துகொண்டு ராமானுஜன் பேரை எடுக்காமல் எழுத முடியாது, மன்னியுங்கள். காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் எழுதி வைத்தவர் அவர். அந்த நோட்டுகளில் இருந்தவற்றுக்கு நிரூபணங்களைத் தேடித் தொகுத்து அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ன்ட் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகள் போட்டார். ராமானுஜனுக்கு அப்படி ஒருவர் வருவார். நம் பிள்ளை எழுதிய லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டத்துக்கு யார் வருவார்? அடுத்த வருஷத்து ஜூனியர் திறந்து பார்த்தால் அவனுக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான் எதிர்பார்ப்பு.

பொருளைப் பற்றி. கிட் 2005 ஏப்ரலில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது. லினக்ஸ் கெர்னல் குழு இதே வேலைக்குப் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற மென்பொருளின் இலவச அனுமதி நின்றுபோனதால் அவசரமாகப் பிறந்தது. அதே வருஷம் ஜூலையில் ஜூனியோ ஹமானோ பொறுப்பை ஏற்றுப் பராமரித்து வருகிறார். நாம் கமிட் செய்யும், அதாவது மாற்றத்தைப் பதிவு செய்யும், ஒவ்வொரு முறையும் அந்த நேரத்து மொத்த நிரலையும், யார், எப்போது, என்ன காரணத்துக்காக மாற்றினார் என்பதையும் சேர்த்துப் பூட்டி வைக்கும். முக்கியமான சங்கதி, ஒவ்வொருவர் கையில் உள்ள பிரதியிலும் முழு வரலாறும் இருக்கும்.

டெல்டாவில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கடைசி வரியின் அருமை தெரியும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது வீட்டுக் கூரையோடு சேர்த்து இறுதியாண்டு புராஜெக்ட்டையும் பறிகொடுத்த மாணவி எங்களிடம் ஒருத்தி இருந்தாள். கம்ப்யூட்டர் நனைந்துவிட்டது, பென் டிரைவ் எங்கே போனதென்றே தெரியவில்லை. அவள் ஊரில் மின்சாரம் வரவே வாரக்கணக்கானது. குழுவில் மற்ற இரண்டு பேரிடமும் இருந்தது ஜெராக்ஸ் எடுத்த அறிக்கை மட்டும். கிட்டில் இருந்திருந்தால் அந்த இரண்டு பேர் கையிலும் மொத்தமும் இருந்திருக்கும்.

கிட்டீ என்பது கிட் களஞ்சியங்களை (நிரலும் அதன் வரலாறும் சேர்ந்த தொகுப்புகளை) வைத்துக்கொள்ள, உலாவியில் திறந்து பார்க்க, ஒருவர் நிரலில் இன்னொருவர் குறிப்பு எழுத உதவும் சர்வர். கோ மொழியில் எழுதப்பட்டது, ஒரே ஒரு கோப்பாக இறங்கும், தரவுத்தளத்துக்கு எஸ்கியூலைட்டே போதும். எங்கள் லேபில் ஓரமாகக் கிடந்த 4 ஜிபி டெஸ்க்டாப்பில் உபுண்டு போட்டு லேப் அண்ணன் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் நிறுவி முடித்துவிட்டார். இணையம் வேண்டாம், லேபின் உள் நெட்வொர்க்கே போதும். மழைக்காலத்தில் பிராட்பேண்ட் போய்விட்டாலும் வகுப்பு நடக்கும்.

இதே வேலையை இணையத்தில் செய்யும் கிட்ஹப் தளம் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பார்கள். கிட்ஹப்பில் கணக்கு இருப்பது வேலை தேடும்போது நல்லது, மூன்றாம் ஆண்டில் அங்கேயும் போகச் சொல்கிறேன். ஆனால் 2021 ஆகஸ்டில் இருந்து அங்கே நிரலை ஏற்ற சாதாரணக் கடவுச்சொல் செல்லாது, டோக்கனோ எஸ்எஸ்ஹெச் சாவியோ வேண்டும். பாதுகாப்புக்கு அதுதான் சரி. முதல் வாரத்தில் கமிட் என்றால் என்னவென்றே தெரியாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு அதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பது சுமை.

இனி கிட்டின் கடுகடுப்பு. இது கற்றுக்கொள்ளச் சுலபமான கருவி இல்லை, யாராவது சுலபம் என்று சொன்னால் அவர் சொல்லிக்கொடுத்ததில்லை என்று அர்த்தம். மாற்றிய கோப்பு ஒரு இடம், ஆட் செய்தால் இன்னொரு இடம், கமிட் செய்தால் மூன்றாவது, புஷ் செய்தால்தான் சர்வர். நடுவில் வரும் அந்த ஸ்டேஜிங் எதற்கு என்று முதல் வகுப்பில் விளக்கி ஜெயித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. இப்போதெல்லாம் விளக்குவதே இல்லை, செய்யச் சொல்கிறேன். ஒரே நாளில் இரண்டு வேறு வேலைகளைச் செய்துவிட்டு அவற்றைத் தனித்தனிக் கமிட்டாகப் போட வேண்டிய நிலை வரும்போது தானாகப் புரிகிறது.

யூடியூபில் பார்த்துப் படிக்கிற பிள்ளைகள் செக்அவுட் என்ற ஒரே கட்டளையை வைத்துக்கொண்டு கிளை (மூல நிரலைத் தொடாமல் தனியாக வேலை செய்யும் வழி) மாறவும் செய்வார்கள், மாற்றங்களை அழிக்கவும் செய்வார்கள், எது எப்போது என்று குழம்புவார்கள். 2019 ஆகஸ்டில் வந்த 2.23 பதிப்பில் அதை சுவிட்ச், ரீஸ்டோர் என்று இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். அந்த இரண்டை மட்டும் சொல்லிக்கொடுங்கள், பாதிக் குழப்பம் தீரும்.

லேபில் ஒரே மெஷினில் காலையில் ஒரு பேட்ச், மத்தியானம் ஒரு பேட்ச் உட்காரும் கல்லூரிகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெயரையும் மின்னஞ்சலையும் குளோபல் (மெஷின் முழுவதற்கும்) என்று பதிந்தால் அந்த மெஷினில் அடுத்து உட்காருகிறவர் செய்யும் கமிட்டும் முதல் ஆள் பெயரில்தான் விழும். களஞ்சியத்துக்குள் மட்டும் செல்லும்படி பதியச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் லேபுக்கே வராத பையன் நிறைய வேலை செய்ததாகவும், வந்தவள் எதுவுமே செய்யாததாகவும் வரலாறு சொல்லும்.

கமிட் செய்திகளைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். முதல் மாதம் ஃபைனல், ஃபைனல் ஒன்று, ரியல் ஃபைனல், மேம் சொன்னது, இந்த ரகம்தான். ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்ற பயம் இதில் பாதிக்குக் காரணம் என்று பிறகு தெரிந்தது. தமிழில் எழுதுங்கள், என்ன மாற்றினாய் என்பது நிரலிலேயே தெரியும், ஏன் மாற்றினாய் என்று எழுது என்று சொன்னோம். ஒரு பையன் இப்படி எழுதினான்: "ஈரப்பதம் காலியா விட்டா ஜீரோன்னு எடுத்துக்குது, ஈர நெல்லும் பாஸ் ஆகுது, அதனால நிறுத்தினேன்." இதற்கு மேல் ஒரு கமிட் செய்திக்கு என்ன வேண்டும்? கோப்புக்குப் பெயரையும் தமிழில் வைத்துவிட்டு, பட்டியலில் \340\256 என்று எண்களாக வருகிறதே மேம் என்று பதறுவார்கள். core.quotepath என்ற அமைப்பை அணைத்துவிட்டால் தமிழ் தமிழாகத் தெரியும்.

கிளைகளைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கும்போது காவிரியை இழுத்தேன். காவிரியில் இருந்து குடமுருட்டி பிரிகிறது, அரசலாறு பிரிகிறது, அது மாதிரிதான் கிளை என்றேன். கடைசி பெஞ்சில் இருந்து, "மேம், அரசலாறு திரும்ப வந்து சேராதே, காரைக்காலுக்குப் போயிடுமே" என்றான் ஒருவன். நியாயம்தான், கிட்டில் கிளை வேலை முடிந்ததும் மூலத்தில் திரும்பச் சேர வேண்டும். திரும்பி வந்து சேராத கிளைகள் எங்கள் சர்வரிலும் ஏகத்துக்கு உண்டு.

இந்தக் கருவியைக் கொண்டு நாங்கள் செய்த பயிற்சிகளில் உருப்படியானது நெல் கொள்முதல் கணக்குத்தான். மாணவர்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் நெல் விளைகிறது, அல்லது விளைகிற வீட்டில் வேலை செய்கிறார்கள். டிபிசி என்றால் விளக்க வேண்டியதில்லை, அரசு நேரடி கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு காத்துக் கிடந்த அனுபவம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. 40 கிலோ சிப்பம், 17 சதவீத ஈரப்பத வரம்பு, ரகத்துக்கு ஏற்ற விலை. ஈரப்பதத்தையும் சிப்ப எண்ணிக்கையையும் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்களா, எவ்வளவு பணம் வரும் என்று சொல்லும் சின்ன நிரல். பைத்தானில் ஒரு மாலையில் எழுதிவிடலாம்.

ஆனால் நிரலை எழுதுவதற்கு முன் சோதனையை எழுது என்று சொன்னோம். பைத்தானில் சோதனைகளை ஓட்டும் பைடெஸ்ட் இதற்கு வசதியானது, டெஸ்ட் என்று தொடங்கும் பெயரில் ஒரு சின்னச் செயற்கூறு எழுதினால் தானே கண்டுபிடித்து ஓட்டும். 17.0 என்று கொடுத்தால் என்ன வர வேண்டும்? 17.1 என்றால்? காலியாக விட்டால்? மூட்டை எண்ணிக்கை பூஜ்யம் என்றால்? ஆபரேட்டர் அவசரத்தில் 17க்குப் பின்னால் சதவீதக் குறியையும் சேர்த்து அடித்துவிட்டால்? இந்தக் கேள்விகளை முதலில் எழுதும்போதுதான் தங்களுக்கே விதி சரியாகத் தெரியவில்லை என்பது பிள்ளைகளுக்குப் புரிந்தது. வகுப்பில் பலர் 17க்குக் குறைவாக இருந்தால் எடுத்துக்கொள் என்று எழுதியிருந்தார்கள். சரியாக 17 இருந்தால் நிரல் திருப்பி அனுப்பிவிடும். நீடாமங்கலம் பக்கத்து மாணவி ஒருத்தி, சோதனை தோற்றதைக் காட்டும் சிவப்பு வரியைப் பார்த்துவிட்டு, "இப்படி எழுதினா எங்க அப்பா நெல்லு திரும்பி வந்திடும் மேம்" என்றாள். எல்லை மதிப்புகளைப் பற்றி எத்தனையோ வருஷம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், அந்த ஒரு வாக்கியம் செய்த வேலையை அவை செய்யவில்லை.

செமஸ்டர் பாதியில் கிட்டீயில் ஒரு இஷ்யூ (செய்ய வேண்டிய வேலைக்கான குறிப்பு) போட்டேன்: மழையால் வரம்பை 19 ஆகத் தளர்த்திவிட்டார்கள், நிரலை மாற்றுங்கள். பயிற்சிக்காக நான் வைத்த எண்தான் என்றாலும் கற்பனையான நிலைமை இல்லை. அறுவடை நேரத்து மழையில் தளர்வு கேட்டு மாநில அரசு எழுதுவதும் மத்திய அரசு தளர்த்துவதும் இங்கே பழக்கமான செய்தி. ஒரு குழு ஒரே வரியை மாற்றிக் கமிட் செய்துவிட்டு எழுந்து போனது. இன்னொரு குழு 17 என்ற எண்ணை நிரலில் கண்ட இடத்தில் எல்லாம் எழுதி வைத்திருந்தது. ஒவ்வொன்றாகத் தேடி மாற்றி, ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள். சோதனை பிடித்தது. இரண்டு குழுவின் டிஃப்பையும் (எந்தெந்த வரி மாறியது என்ற பட்டியலையும்) புரொஜெக்டரில் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். மாறிலிக்குப் பெயர் வையுங்கள் என்று நான் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

அடுத்த இஷ்யூ இன்னும் கொஞ்சம் பொல்லாதது. தளர்வுக்கு முன்னால் போட்ட பில்லை இப்போது மறுபடி எடுத்தால் பழைய வரம்பில்தான் கணக்கு வர வேண்டும். ஒரே வரியில் முடித்துவிட்டு எழுந்து போன குழுவும் திரும்பி வந்து உட்கார்ந்தது. தேதியோடு வரம்பைச் சேமிக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர்களே வந்தார்கள், வருவதற்கு இரண்டு லேப் வகுப்பு ஆனது. ரெக்கார்டு நோட்டில் இந்தப் பயிற்சியைச் செய்யவே முடியாது. அங்கே ஒரு ப்ரோக்ராம் ஒரு தடவை எழுதப்பட்டு, கையெழுத்தாகி, செத்துவிடும்.

கிட்டீயில் எனக்குப் பிடித்த வசதி புல் ரிக்வெஸ்ட், அதாவது என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கும் வேண்டுகோள். மூல நிரல் இருக்கும் மெயின் கிளையைப் பூட்டி வைத்து, இன்னொருவர் படித்து ஒப்புக்கொண்டால்தான் சேரும் என்று அமைக்கலாம். அமைப்பது சுலபம், பிள்ளைகளைப் படிக்க வைப்பதுதான் பாடு. முதலில் எல்லாமே ஒரு நிமிஷத்துக்குள் ஒப்புதலாகின. "சூப்பர்டா", ஒரு கட்டைவிரல், முடிந்தது. ஏன்டா படிக்கவே இல்லையா என்றால், "அவன் எங்க சித்தப்பா பையன் மேம், அவன்கிட்ட போய் எப்படித் தப்பு சொல்றது" என்கிறான். ஒப்புக்கொடுத்த நிரலில் பின்னால் பிழை வந்தால் படித்தவருக்கும் மார்க் குறையும் என்றோம். அடுத்த வாரமே நிலைமை தலைகீழ்: இங்கே இடைவெளி அதிகம், அங்கே பெயர் சரியில்லை என்று நொட்டை சொல்லிக்கொண்டு, உள்ளே இருந்த உண்மையான பிழையை விட்டுவிட்டார்கள்.

கடைசியில் நின்ற விதி இதுதான். விமர்சனம் ஒரு கேள்வியாகவோ, நிரலை உடைக்கும் ஒரு உள்ளீடாகவோ மட்டுமே இருக்கலாம். "சிப்பம் 0 வந்தால் வகுக்கும்போது என்ன ஆகும்?" என்று எழுதலாம், "நன்றாக இல்லை" என்று எழுதக் கூடாது. இதில் சித்தப்பா பையனுக்கும் வருத்தமில்லை, கேட்டவனுக்கும் கூச்சமில்லை.

இதோடு ஐபிஎம்மில் மைக்கேல் ஃபாகன் 1976இல் எழுதி வெளியிட்ட ஆய்வு முறையில் இருந்து ஒரு வழக்கத்தை எடுத்துக்கொண்டோம். அந்த முறையில் நிரலை எழுதியவர் வாசித்துக் காட்டுவதில்லை, வேறொருவர் வாசித்து விளக்குவார். நாங்கள் எழுதியவரை வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொல்வோம். அவன் நினைத்தது ஒன்று, எழுதியிருப்பது இன்னொன்று என்பது வாசிக்கிறவர் தடுமாறும் இடத்தில் வெளியே வரும். வகுப்பில் பேசவே பேசாத ஒரு வலங்கைமான் பெண்தான் எங்கள் லேபின் சிறந்த வாசகி. "இங்க இவர் என்ன பண்றார்னு எனக்குப் புரியல" என்று அவள் நிறுத்தினால் அந்த இடத்தில் கட்டாயம் ஏதோ இருக்கும்.

மதிப்புரைக்குத் தலைப்பில் நோட்டு என்று போட்டதற்கு இப்போது வருகிறேன். கிட் எல்லாவற்றையும் பதிவு செய்வதில்லை. கமிட் செய்வதற்கு முன்னால் ஒரு பிழையோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியது அதில் இருக்காது. அதற்கு வாட்ஸ் ஹம்ஃப்ரியிடம் போனேன். ஐபிஎம்மில் இருந்துவிட்டு கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனத்துக்கு வந்தவர். 1990களில் அவர் உருவாக்கிய பெர்சனல் சாஃப்ட்வேர் பிராசஸ் முறையில் ஒவ்வொரு நிரலாளரும் இரண்டு பதிவேடுகள் வைப்பார். ஒன்றில் நேரம்: தொடங்கியது, முடித்தது, நடுவில் எவ்வளவு நேரம் தடைப்பட்டது, எந்தக் கட்டம். இன்னொன்றில் பிழை: என்ன வகை, எந்தக் கட்டத்தில் நுழைந்தது, எந்தக் கட்டத்தில் பிடிபட்டது, சரிசெய்ய எவ்வளவு நேரம். பிழை வகைகள் பத்து.

நேரப் பதிவேடு எங்களிடம் தேறவில்லை. தடைப்பட்ட நேரம் என்ற கட்டத்தில் அம்மா கூப்பிட்டாங்க, கரண்ட் போச்சு, ரீல்ஸ் என்று எழுதியிருந்ததைப் படிக்கச் சுவையாகத்தான் இருந்தது. ஆனால் எல்லா எண்களும் ஐந்தின் மடங்கு, எல்லாம் ஒரே பேனா, ஒரே உட்கார்வில் எழுதியவை. ஹவாய் பல்கலைக்கழகத்தில் பிலிப் ஜான்சனும் ஆன் டிஸ்னியும் இந்த முறையில் மாணவர்கள் கையால் சேர்த்த தரவை ஆராய்ந்து, அதில் பிழைகள் மலிந்திருப்பதைக் காட்டினார்கள். எங்கள் பிள்ளைகள் மட்டும் அப்படி இல்லை என்பதில் ஒரு ஆறுதல். நேரத்தை விட்டுவிட்டோம்.

பிழைப் பதிவேட்டை வைத்துக்கொண்டோம், அப்சர்வேஷன் நோட்டின் இடது பக்கத்தில். வகைகளைப் பத்தில் இருந்து நான்காக வெட்டினேன்: எழுத்துப் பிழை, எல்லைப் பிழை, தரவுப் பிழை, விதியே புரியாத பிழை. செமஸ்டர் கடைசியில் தன் பக்கங்களைத் தானே எண்ணிப் பார்க்கச் சொன்னால், ஒவ்வொருவருக்கும் ஒரே வகைப் பிழை திரும்பத் திரும்ப வருவது தெரியும். அதை வைத்துத் தனக்கென ஒரு சரிபார்ப்புப் பட்டியல் எழுதி அட்டையின் உள்பக்கம் ஒட்ட வேண்டும். கூகுள் ஷீட் வைத்தும் பார்த்தோம். நோட்டில் எழுதிய அளவுக்கு அதில் யாரும் உண்மையாக எழுதவில்லை, காரணம் எனக்கும் தெளிவில்லை.

ஏமாற்று வேலைக்கு வருவோம். இந்தப் பக்கத்தில் இறுதியாண்டு புராஜெக்ட்டை மொத்தமாக எழுதி, அறிக்கை பைண்டிங் வரை முடித்துக் கொடுக்கும் புராஜெக்ட் சென்டர்கள் உண்டு. பெயர் வேண்டாம். கிட் வந்த புதிதில் அங்கே வாங்கியது பளிச்சென்று தெரிந்தது: ஒரே கமிட்டில் மொத்தக் கோப்புகளும். அப்புறம் அவர்களும் தேறிவிட்டார்கள், ஜூலையில் இருந்து ஜனவரி வரை வாரம் ஒன்று என்று தேதி போட்ட கமிட்டுகளோடு ஒரு மாணவர் வந்து நின்றார். கமிட் தேதி என்பது எழுதுகிறவர் மெஷின் சொல்வதுதான், எந்தத் தேதியை வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆனால் எங்கள் சர்வருக்கு அது எப்போது வந்து சேர்ந்தது என்பது கிட்டீயின் செயல்பாட்டுப் பக்கத்தில் இருக்கும். ஆறு மாத வேலை ஒரே ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வந்திருந்தது. வாராவாரம் புஷ் செய்திருந்தால்தான் மதிப்பெண் என்ற விதி அன்றைக்குப் பிறந்தது.

ஏஐ எழுதிக் கொடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தடுக்க முடியாது, தடுக்கவும் இல்லை. சோதனையை நீ எழுது, நிரலை யார் எழுதினாலும் வாசிக்கும் நாளில் நீ பதில் சொல் என்பதுதான் ஏற்பாடு. இப்போதைக்கு ஓடுகிறது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வேர்டு கோப்புகளை கிட்டில் போட்டால் உள்ளே என்ன மாறியது என்று வரிக்கு வரி காட்டாது. இறுதியாண்டு அறிக்கையை வேர்டில்தான் கேட்கிறார்கள் என்பதால் அந்த வேலை இன்னும் வாட்ஸாப்பில்தான் நடக்கிறது. தரவுத்தளக் கடவுச்சொல்லை நிரலில் எழுதிக் கமிட் செய்துவிட்டு அடுத்த கமிட்டில் அழித்தால் போய்விட்டது என்று பிள்ளைகள் நம்புவார்கள். வரலாற்றில் அது அப்படியே இருக்கும், கடவுச்சொல்லையே மாற்றுவதுதான் வழி. விண்டோஸிலும் லினக்ஸிலும் வரி முடிவுக் குறிகள் வேறு என்பதால் ஒன்றுமே மாற்றாத கோப்பு முழுதும் மாறியதாகக் காட்டும் தொல்லையும் உண்டு. சர்வரில் உள்ள வரலாற்றையே மாற்றி எழுதிவிடும் ஃபோர்ஸ் புஷ்ஷை முதல் நாளே சர்வரில் தடை செய்யுங்கள். ஒரே வரியை இரண்டு பேர் வேறு வேறாக மாற்றியதால் மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் வந்ததும் களஞ்சியத்தையே அழித்துவிட்டு சர்வரில் இருந்து மறுபடி குளோன் செய்கிற பழக்கம் மூன்றாம் ஆண்டு வரை போகவில்லை, அதற்கு என்னிடம் மருந்தும் இல்லை.

ஆசிரியருக்கு வேலை கூடுகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. கையெழுத்து நொடியில் போடலாம், புல் ரிக்வெஸ்ட்டைப் படிக்காமல் விமர்சனம் எழுத முடியாது. சனிக்கிழமை மாலைகள் அதற்கே போகின்றன. அறுபது பேருக்கு ஒரே ஆசிரியர் என்றால் தனித்தனியாகப் பார்க்க முடியாது, நான்கு பேர் கொண்ட குழுக்களாகத்தான் நடத்த வேண்டும். மார்க்கில் நாங்கள் செய்த மாற்றம், இன்டர்னலில் லேபுக்கு உள்ளதில் பாதியை வரலாறு, சோதனை, விமர்சனம் மூன்றுக்கும் கொடுத்தது. ஓடுகிற நிரலுக்கு மீதிப் பாதி. இதற்குத் துறைத் தலைவரைச் சம்மதிக்க வைப்பது கிட்டீ நிறுவுவதைவிடக் கஷ்டம்.

பிராக்டிகல் தேர்வு இன்னும் பழைய வழியில்தான். லாட் எடுத்து, மூன்று மணி நேரத்தில் ஒரு ப்ரோக்ராம் எழுதி, அவுட்புட் காட்டி, வைவா. எக்ஸ்டர்னலாக வருகிறவருக்கு ரெக்கார்டு வேண்டும். கிட் லாக்கையும் (கமிட்டுகளின் பட்டியலையும்) பிழைப் பக்கங்களையும் பிரின்ட் எடுத்து ரெக்கார்டில் ஒட்டிக் கொடுத்தோம். ஒருவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு தப்பையும் எதுக்கும்மா ஒட்டி வச்சிருக்கீங்க, ரெக்கார்டு நீட்டா இருக்க வேணாமா" என்றார். இன்னொருவர் பிழைப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதிலிருந்தே வைவா கேள்விகள் கேட்டார், பிள்ளைகள் அன்று பதில் சொன்ன மாதிரி எப்போதும் சொன்னதில்லை.

நட்சத்திரம் கேட்டால் கிட்டுக்கு ஐந்தில் நான்கு, அந்த ஒன்றைக் குறைத்தது அதன் கட்டளைகளின் கோணல் புத்திக்காக. கிட்டீக்கு நாலரை. ஹம்ஃப்ரியின் முழு முறைக்கு இரண்டரை, பிழைப் பதிவேட்டை மட்டும் தனியாக எடுத்தால் ஐந்து.

முதலாம் ஆண்டு சி லேபுக்கு இதைக் கொண்டுபோகாதீர்கள், அவர்களுக்கு அரைப்புள்ளியே பெரிய போராட்டம். இரண்டாம் ஆண்டு ஜூனில் தொடங்குவது நல்லது. டிசம்பரில் தொடங்கும் செமஸ்டரில் பொங்கல், சம்பா அறுவடை என்று பாதிப் பேர் வயலில் இருப்பார்கள், வாராவாரம் புஷ் என்ற விதி நிற்காது. லேப்டாப் இல்லாத பிள்ளைகள் ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் என்ற செயலியைப் போட்டு அதிலேயே கிட்டும் பைத்தானும் நிறுவிக்கொள்ளலாம், எஃப்-டிராய்டு என்ற இலவசச் செயலிக் களத்தில் இருந்து இறக்குங்கள், பிளே ஸ்டோர் பதிப்பை நம்ப வேண்டாம். சர்வர் மெஷினுக்கு ஒரு யுபிஎஸ் கட்டாயம். கிட்டீயிலேயே மொத்தத்தையும் ஒரு கோப்பாக எடுக்கும் டம்ப் கட்டளை உண்டு, வெள்ளிக்கிழமை லேபைப் பூட்டும் முன் அதை ஓட்டி வெளி ஹார்டு டிஸ்க்கில் போட்டு வைக்கும் வேலையை யாராவது ஒருவர் பெயரில் எழுதி விடுங்கள். எங்களிடம் லேப் அண்ணன் செய்கிறார், அவர் லீவு என்றால் நான்.